இரண்டாம் கீப்பரைப் பெற்றவள்

என் மகளுக்கு இந்திய அணியில் இடம் கிடைத்த செய்தி காலையில் வந்தது. மாலைக்குள் எங்கள் ஊர் முனையில் ஃபிளெக்ஸ் நின்றது. மண்ணூரைத் தாண்டி எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில், கண்டெய்னர் லாரிக்காரர்கள் டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டுவார்களே, அங்கே. அதில் என் மகள் தபால்தலை அளவுக்கு இருந்தாள். பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கட்சிக்காரர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ‘உலகக் கோப்பையை வென்று வா மகளே’ என்று எழுதியிருந்தது. இது உலகக் கோப்பை இல்லை, இந்தியா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை என்று அக்கம்பக்கத்து நாடுகள் மட்டும் ஆடுகிற போட்டி, அதுவும் பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு என்று அவரிடமே போய்ச் சொன்னேன். "அக்கம்பக்கம் எல்லாம் சேந்தாதானேம்மா ஒலகம்?" என்றார். இந்த மாதிரி ஆட்களிடம் வாதாட முடியாது, ஓட்டுதான் போட முடியும்.

அவளுக்குக் கால்பந்து எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் படப்பைப் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவர் வாழ்க்கையில் உதைத்த ஒரே பொருள் எங்கள் பழைய பைக்கின் கிக்கர். பள்ளியில் பி.டி. டீச்சர் இவளுடைய உயரத்தைப் பார்த்துவிட்டு கோல் போஸ்டுக்குள் நிறுத்தினார். வேறு எந்தப் பிள்ளையும் அங்கே நிற்க ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் ஒரு காரணம். வெயிலில் சும்மா நிற்க வேண்டும், பந்து உள்ளே போனால் மட்டும் எல்லாரும் உன்னைத் திட்டுவார்கள். இதைக் கேட்டபோது என் வேலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவளுடைய முதல் கிளவுஸ் நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்ததுதான், உள்ளங்கையில் ரப்பர் பூசிய சாம்பல் நிறக் கையுறை. அதைப் போட்டுக்கொண்டுதான் மாவட்ட அளவில் பெனால்டி எல்லாம் பிடித்தாள். அதைக் கேட்டு வாங்கினேனா, கேட்காமல் எடுத்தேனா என்று இப்போது யாரும் ஆராய வேண்டாம்.

அணியில் இரண்டு கீப்பர்கள். முதல் கீப்பர் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெண். என் மகள் இரண்டாவது. முதல் ஆளால் ஆட முடியாமல் போனால் இவள் இறங்குவாள். இதை அவள் போனில் சொன்னதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். ஏனென்றால் நானும் அந்த வேலையைத்தான் செய்கிறேன்.

ஒரகடத்தில் கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் செய்து தரும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. காண்ட்ராக்ட்தான். அங்கே லைன் நிற்காது. வயர் கோத்த பலகைகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு பலகையோடும் ஒரு பெண் நடந்துகொண்டே டேப் சுற்றுவாள். அவளுக்கு ஒண்ணுக்கு வந்தால் அதற்காக லைனை நிறுத்த மாட்டார்கள். அவள் கையைத் தூக்குவாள். பின்னால் நிற்கும் நான் ஓடிப்போய் அவள் விட்ட இடத்திலிருந்து சுற்றுவேன். அவள் திரும்பி வந்ததும் அடுத்தவள் கையைத் தூக்குவாள். இந்த வேலைக்கு ரிலீவர் என்று பெயர். லைனில் உள்ள எல்லா வேலையும் எனக்கு அத்துப்படி. ஆனால் எனக்கென்று ஒரு பலகை கிடையாது.

கேன்டீனில் விஷயத்தைச் சொன்னதும் லைன் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "அப்ப ரிலீவரு!" என்றார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒருத்தி என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். சாம்பாரைப் பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"யக்கா, நீ ஒண்ணும் கவலப்படாத. ஆட்டம் ஒன்றர மணி நேரம்லா? அதுவரைக்கும் அந்தப் புள்ளைக்கு ஒண்ணுக்கு வராமலா இருக்கும்? தண்ணிய வேற பாட்டில் பாட்டிலா குடிக்காளுவ. கண்டிப்பா வரும்லா! அப்பம் ஒம் மவதான எறங்கணும்?"

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் ஒருத்திகூடக் கையைத் தூக்காத லைனை நான் பார்த்ததே இல்லை. போதாக்குறைக்கு நேபாளத்தில் போட்டி, மலைக் குளிர் வேறு. அன்று மாலையே மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, கீப்பரெல்லாம் நடுவுல போவ மாட்டாங்கம்மா."

"போவாம? அடக்கிக்கினே நிப்பாளா?"

"ஆமா."

"அது ஒடம்புக்கு ஆவாதுடீ."

"வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாதும்மா. ரூலு அப்பிடி. அவளுக்கு அடிகிடி பட்டாதான் நான்."

"நீ பாட்டுக்கு ரெடியா இரு. உன் டேர்ன் கண்டிப்பா வரும். வராம எங்க போயிடும்?"

அவள் சொன்ன ரூலை நான் நம்பவில்லை. ரூல் எல்லாம் எங்கள் கம்பெனியிலும் சுவரில் தொங்குகிறது. வருகிற ஒண்ணுக்கு சுவரைப் பார்த்துவிட்டா வரும்? எனவே கம்பெனி பஸ்ஸில், ரேஷன் கடையில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது என்று கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும், "கண்டிப்பா எறங்குவா" என்று சொல்லிவைத்தேன். இவ்வளவு உறுதியாகச் சொன்னதற்கு ஒரு பயமும் காரணம். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது தாண்டிவிடும். அடுத்த முறை இந்தப் போட்டியில் அவளைச் சேர்க்க மாட்டார்கள். பெரியவர்கள் அணிக்குப் போவதெல்லாம் ஆயிரத்தில் ஒருத்திக்குத்தான் வாய்க்கும். முதுகில் இந்தியா என்று எழுதிய சட்டையோடு அவள் ஒரு நிமிஷமாவது கோல் போஸ்டுக்குள் நிற்க வேண்டும், ஒரே ஒரு பந்தையாவது தொட வேண்டும். வெற்றி தோல்வி எல்லாம் நாட்டின் கவலை. எனக்கு இது போதும்.

முதல் ஆட்டம் பூட்டானோடு. நான் ஷிஃப்டில் இருந்தேன். உள்ளே போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். வெளியே வந்ததும் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் போன் அடித்தேன். அவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் பார்த்தவர்.

"இன்னா, எப்பிடி ஆடனா?"

"சூப்பரா ஒக்காந்துகினு இருந்தா மே."

அடுத்தது இலங்கையோடு. அதை நானும் பார்த்தேன். நம் பெண்கள் கோல் மேல் கோலாக அடித்தார்கள். பந்து நம் பக்கம் வரவே இல்லை. அந்த முதல் கீப்பர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா நிற்கிற வேலைக்குக்கூடவா என் மகள் ஆக மாட்டாள்? கேமரா எப்போதாவது பெஞ்சுப் பக்கம் திரும்பும். அப்போது என் மகளின் ஒரு முழங்கால் தெரியும். அந்த முழங்காலை நான் நன்றாக அடையாளம் கண்டுகொள்வேன். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு அதில்தான் இருக்கிறது. தெருவில் கூடி நின்று போனில் பார்த்தவர்கள் அந்த முழங்காலுக்கே விசில் அடித்தார்கள்.

இதற்குள் முனை டீக்கடையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது. ஏன் இறக்கவில்லை? கோச் வடநாட்டான், தமிழ்ப் பெண்ணை வேண்டுமென்றே ஒதுக்குகிறான் என்றார்கள். அங்கே சமோசா போடும் பிகார் ஆளைப் பிடித்து, கோச் உன் ஊர்க்காரனா என்று கேட்டார்கள். அந்த மனிதர் பயந்துபோய் இரண்டு சமோசா ஓசியில் கொடுத்தார். பிறகு கோச் கேரளாக்காரர் என்று தெரியவந்தது. உடனே முல்லைப் பெரியாறு உள்ளே வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பேச்சில் என் மகளுக்கு வேலையில்லை.

இப்படி உட்கார்ந்தே லீக் ஆட்டங்களை முடித்தாள். இந்தியா ஃபைனலுக்கு வந்தது. எதிரே வங்கதேசம். சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம். எனக்குக் காலை ஷிஃப்ட், முடித்துவிட்டு ஓடினால் பிடித்துவிடலாம். ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"அக்கா, இன்னிக்கு ஓ.டி. பாத்துடு. ஆளு ஷார்ட்டேஜ்."

"இன்னிக்கு என் பொண்ணுக்கு ஃபைனலு சார்."

"ஒக்காந்துகினுதான கீது? செகண்ட் ஷிஃப்ட்ல ரிலீவர் வரலக்கா."

இந்தக் கம்பெனிதான் நோட்டீஸ் போர்டில் என் மகளின் படத்தை ஒட்டி, ‘நமது குடும்பத்தின் மகள்’ என்று எழுதியிருந்தது. காண்ட்ராக்ட் ஆளின் மகள் எந்த வழியில் குடும்பம் என்று நான் கேட்கவில்லை. "குடும்பத்து விசேஷம் சார், நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டு, தூத்துக்குடிக்காரியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் ஊர் மாதா கோயிலின் பங்கு மண்டபத்தில் ஏற்பாடு. ஃபாதர் புரொஜெக்டர் கொடுத்திருந்தார், ஒரு நிபந்தனையோடு. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் ஜெபமாலை சொல்ல வேண்டும். ஃபாதருக்கு இத்தனை பேர் மண்டபத்தில் கிடைப்பது ஈஸ்டருக்கு மட்டும்தான், அவர் விடுவாரா? அம்மன் கோயில் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் காலையிலேயே தேங்காய் உடைத்துவிட்டு வந்தவர்கள். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று ஜெபமாலைக்கும் உட்கார்ந்தார்கள். பட்டாசுக் கட்டு வாசலில் தயாராக இருந்தது. நான் முன்னால் போய் நின்று மண்டபம் முழுக்க ஒரு வீடியோ எடுத்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்துங்கள் என்றேன். கத்தினார்கள் பாருங்கள், ஃபாதர்கூடக் கையைத் தூக்கிக் கத்தினார். அதை அப்படியே அவளுக்கு அனுப்பி, "எல்லாரும் உன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்" என்று எழுதினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. மைதானத்துக்குப் போகும் பஸ்ஸில் இருப்பாள், பேச நேரமிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் நன்றாக இருந்ததாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் அந்த ஜார்க்கண்ட் பெண்ணை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை அவள் தண்ணீர் குடிக்கும்போதும் தூத்துக்குடிக்காரி என் தொடையைக் கிள்ளினாள். பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டார்கள். ஆடினவர்கள் எல்லாரும் உள்ளே போனார்கள். "போச்சு யக்கா, இப்பம் போயிட்டு வந்துருவா" என்று தூத்துக்குடிக்காரி தலையில் கை வைத்தாள். இப்படி ஒரு இடைவேளை இருக்கிறது என்பதை எங்கள் கணக்கில் நாங்கள் சேர்க்கவே இல்லை.

இரண்டாவது பாதியில் நம் பெண் ஒருத்தி கோல் அடித்தாள். மண்டபம் குதித்தது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வங்கதேசப் பெண் ஒருத்தி பந்தோடு பாய்ந்து வந்தாள். நம் கீப்பர் எதிரே ஓடிவந்து காலடியில் விழுந்து பந்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். வங்கதேசப் பெண் எழுந்துவிட்டாள். நம் பெண் எழவில்லை. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டாள்.

டாக்டர் பெட்டியோடு ஓடினார். பெஞ்சில் என் மகள் எழுந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றினாள். முழுசாகத் தெரிந்தாள், முழங்கால் மட்டுமில்லை, முகம், தோள், சட்டை நம்பர் எல்லாம். கோட்டுக்கு வெளியே நின்று குதிக்க ஆரம்பித்தாள், கைகளை உதறினாள். கோச் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

ஜெபமாலை இன்னும் கையில்தான் இருந்தது. மாதாவே, அந்தப் பெண் எழுந்திருக்கக் கூடாது என்று வேண்டினேன். உயிருக்கு ஒன்றும் வேண்டாம், கால் மட்டும் போதும் என்று அளவாகத்தான் கேட்டேன். அவளும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு மட்டுமா? "ஸ்ட்ரெச்சர எடுத்தாங்கடா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "படுத்துக்கோ தாயி, நல்லா படுத்துக்கோ, எந்திக்காத" என்று தூத்துக்குடிக்காரி திரையைப் பார்த்துத் தாலாட்டினாள். வெளியே எவனோ அவசரப்பட்டு ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஜார்க்கண்ட் பெண் எழுந்தாள். ஒரு காலை ஊன்றினாள், மறு காலை ஊன்றிப் பார்த்தாள், நொண்டினாள், கையை ஆட்டி முடியும் என்று காட்டினாள். நேபாளத்து ஜனம் மொத்தமும் எழுந்து கை தட்டியது. எங்கள் மண்டபம் மட்டும், "ச்சே!" என்றது. சொந்த நாட்டுக் கீப்பர் பிழைத்து எழுந்ததற்கு இப்படித் துக்கப்பட்ட ஊர் இந்தியாவில் வேறு எதுவும் இருந்திருக்காது. அப்போது கேமரா என் மகளிடம் வந்தது. அவள் கை தட்டிக்கொண்டிருந்தாள். சும்மா பேருக்கு இல்லை, உள்ளங்கை பழுக்கிற மாதிரி.

"இன்னாமே, இவ இன்னாத்துக்குக் கை தட்றா?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கும் அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பிழைக்கத் தெரியாத கழுதை என்று வாய்விட்டே சொன்னேன். இந்தியா ஜெயித்தது. எல்லாரும் வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். வயிறு எரியச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அவள் ஊருக்கு வந்த அன்று புது ஃபிளெக்ஸ் நின்றது. அதில் என் மகள் காற்றில் பறந்து பந்தைப் பிடித்தாள். தலை மட்டும்தான் அவளுடையது. உடம்பு எந்த நாட்டு ஆணுடையதோ, காலெல்லாம் முடி. குட்டியானை வண்டியில் அவளை ஏற்றி, பேண்டு வாசித்து ஊர் சுற்றினார்கள். கட்சிக்காரர் மைக்கைப் பிடித்து, இவள் தடுத்த கோல்கள் எத்தனை எத்தனை என்று முழங்கினார். அவள் மெடலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். சும்மா கிடைத்த மரியாதையை வாங்கிக்கொள்ள எங்கள் ஊரில் யாரும் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. இவள் கூச்சப்பட்டாள்.

மறுநாள் காலை அடுப்படியில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டாள். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"அந்தப் பொண்ணு எந்திரிச்சதுக்கு ஏன்டீ அப்பிடி கை தட்டன?"

தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ அனுப்புன வீடியோவ பஸ்ஸுல பாத்தேம்மா. ஊரே கீது. ஃபாதர்லாம் கத்துறாரு. அவ விழுந்ததும் கோச்சு வந்து ரெடியான்னு கேட்டாரு. ரெடின்னேன். ஆனா, பந்து என் காலு நடுவுல பூந்து போய்ட்டா இன்னா பண்றது, அத்தினி பேரும் பாத்துக்கினு கீறாங்களேன்னு பயம். மாதாவே, அவ எந்திரிக்கணும், எந்திரிக்கணும்னு வேண்டிக்கினேன். எந்திரிச்சிட்டா. அப்பாடான்னு தட்டனேன்."

ஒரே நேரத்தில் ஒரே வீட்டிலிருந்து மாதாவுக்கு இரண்டு மனு போயிருக்கிறது. அவர் சின்னவளுடையதை எடுத்துக்கொண்டார். நான் என்ன வேண்டினேன் என்று அவளிடம் சொன்னேன்.

"அய்யோ அம்மா! அவ என் ரூம்மேட்டும்மா!"

சட்னியெல்லாம் சிந்தச் சிந்தச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அவள் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது.

"கை தட்டிக்கினே இருந்தேம்மா. அப்பதான் திடீர்னு பயம்லாம் போயிடுச்சு. உள்ள போவணும், ஒரே ஒரு பந்தாச்சும் புடிக்கணும்னு அப்பிடி ஒரு ஆச வந்துச்சு. அதுக்குள்ள ஜாக்கெட்ட போட்டுக்கினு ஒக்காருன்னுட்டாங்க."

"அப்பறம்?"

"ஒக்காந்தேன். விசில் அடிக்கிற வரைக்கும், அவ திரும்பி விழணும், திரும்பி விழணும்னு வேண்டிக்கினே இருந்தேம்மா. அவ நொண்டிக்கினே ஆடறா. நான் இத வேண்டிக்கினு கீறேன்." தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "மேட்ச் முடிஞ்சதும் அவதான் மொதல்ல வந்து என்னக் கட்டிப் புடிச்சா. பாவமாம்மா இது?"

அடுப்பில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது. பாவம் இல்லை என்று சொல்லி அவளைத் தேற்றியிருக்கலாம். அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"பாவந்தான்டீ," என்றேன். "சனிக்கெழம பாவசங்கீர்த்தனத்துக்கு ரெண்டு பேரும் சேந்தே போயி ஃபாதர்கிட்ட சொல்லிடலாம்."